அசிங்க்ரனஸ்: ஒத்திசைவற்றதா, காத்திராததா?

ஏஐ ஏஜென்டுகள், அதாவது சொன்ன வேலையைத் தாமாகவே செய்து முடிக்கும் ஏஐ நிரல்கள், எடுத்துப் பயன்படுத்துகிற கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே முட்டிக்கொள்ளும் சொல் அசிங்க்ரனஸ் (asynchronous). "இது ஒரு அசிங்க்ரனஸ் பிரெடிக்‌ஷன் டூல்" என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகப் போய்விடும். தமிழில் எழுத உட்கார்ந்தால் பழகிய கலைச்சொல்லாகக் கைக்கு வருவது "ஒத்திசைவற்ற". ஒத்திசைவற்ற கணிப்புக் கருவி என்று எழுதிப் பாருங்கள், ஏதோ பழுதான கருவி, கேட்கும்போதெல்லாம் ஒன்றுக்கொன்று முரணாகப் பதில் சொல்லும் போலிருக்கிறது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

சொல்லின் வேர் கிரேக்கம். க்ரோனோஸ் என்றால் காலம், சின் என்றால் உடன், முன்னால் வரும் அ எதிர்மறை. ஆக, உடன்காலத்தில் நிகழாதது. டாக்டர் வாயில் அடிக்கடி வரும் குரோனிக், கப்பலில் நேரம் பார்த்த குரோனோமீட்டர் எல்லாம் இதே க்ரோனோஸ் வீட்டுப் பிள்ளைகள்தான்.

மின்பொறியியல்காரர்களுக்கு இந்தச் சொல்லில் குழப்பமே கிடையாது. இண்டக்‌ஷன் மோட்டாருக்கு அசிங்க்ரனஸ் மோட்டார் என்று இன்னொரு பெயர் உண்டு. நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், ஆனால் உள்ளே இருக்கும் சுழலி சுமையோடு ஓடும்போது 1440 அளவில்தான் சுற்றும், அப்படிக் கொஞ்சம் பின்தங்கினால்தான் அதில் மின்னோட்டமே தூண்டப்படும், பின்தங்காவிட்டால் இழுவை கிடையாது. இதற்கு "ஒத்தியங்கா மோட்டார்" என்பது கச்சிதமான தமிழ். இரண்டு பொருள்கள், இரண்டு வேகங்கள், ஒத்து இயங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மென்பொருளுக்குள் வந்ததும் பொருள் நகர்ந்துவிட்டது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இணையப் பக்கங்களை இயக்கும் ஒரு முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினாரே, அதன் முதல் எழுத்து இந்த அசிங்க்ரனஸ்தான். சர்வர் பதில் தரும்வரை பக்கம் உறைந்து நிற்க வேண்டாம், நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள் என்பது அங்கே அர்த்தம். பைத்தான் என்ற நிரல்மொழி 2015இல் 3.5 பதிப்பில் அசிங்க், அவெய்ட் என்று இதற்கெனத் தனி இலக்கணமே கொண்டுவந்தது. இங்கே இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகிறதா என்பது யாருக்கும் பிரச்சினை இல்லை. கேட்டவர் பதிலுக்காக நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

ஏஐ மாடல்களை இணையம் வழியே ஓட்டித் தரும் ரெப்ளிகேட் என்ற சேவையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாடலிடம் வேலை கொடுத்தால், பொதுவாக உடனே விடை வராது. ஓர் அடையாள எண், நிலை என்ற இடத்தில் 'ஸ்டார்ட்டிங்', விடை இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை, போய்ப் பார்க்க ஒரு முகவரி, இவைதான் வரும். ரத்தம் கொடுத்துவிட்டு லேபில் வாங்கும் சீட்டு மாதிரி. பிறகு அந்த முகவரியில் போய்ப் போய்ப் பார்த்தால் நிலை 'பிராசசிங்' ஆகி, கடைசியில் வெற்றி, தோல்வி, ரத்து என்பது போன்ற ஒன்றில் நிற்கும். வெப்ஹூக், அதாவது செய்தி அனுப்ப வேண்டிய நம் இணைய முகவரி, கொடுத்திருந்தால் முடிந்ததும் அவர்களே வந்து சொல்வார்கள். நின்றே வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் வழி உண்டு, ஆனால் 60 விநாடிக்கு மேல் பிடித்து வைக்க மாட்டார்கள்.

மனிதப் புரோகிராமருக்கு அசிங்க்ரனஸ் என்ற ஒற்றைச் சொல் போதும், மிச்சத்தை அவர் ஊகித்துக்கொள்வார். ஏஜென்டுக்கு அந்தக் குறிப்புதான் கண். அதில் தெளிவில்லை என்றால் சீட்டையே ரிசல்ட் என்று நினைத்து "கணிப்பு தயார், விடை: ஸ்டார்ட்டிங்" என்று பயனரிடம் நீட்டிவிடும், அல்லது பதில் வரவில்லையே என்று அதே வேலையை மறுபடி மறுபடி கொடுத்து பில்லை ஏற்றும். ஆகவே குறிப்பில் இப்படி எழுதலாம்: "அழைத்ததும் விடை வராது, பணி எண் மட்டும் வரும். சில விநாடி கழித்து நிலைக் கருவியில் அந்த எண்ணைக் கொடுத்துப் பார். வெற்றி என்று வரும்வரை விடை என எதையும் சொல்லாதே. அதே பணியைத் திரும்பக் கொடுக்காதே." நீளம்தான். பரவாயில்லை.

சரி, ஒற்றைச் சொல்லாக வேண்டும் என்றால்? என் ஓட்டு "காத்திரா" என்பதற்கு. அணையா விளக்கு, வாடா மலர் என்கிறோமே, அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காத்திரா அழைப்பு, காத்திராக் கணிப்பு. ஏஜென்ட் நடுநடுவே போய் எட்டிப் பார்க்கிறதே, அது காத்திருப்பு இல்லையா என்று கேட்கலாம். காத்திராதது அந்த அழைப்பு, அது சீட்டை வாங்கியதோடு முடிந்துவிடுகிறது. ஒரு சங்கடம் உண்டு: இலங்கைத் தமிழில் "காத்திரமான" என்பது கனமான, வலுவான என்ற பொருளில் தினசரி புழங்கும் சொல், அங்கே ஒரு நொடி தடுக்கலாம். அப்படித் தடுக்கும் இடத்தில் "காத்திராத" என்று முழுசாகவே எழுதிவிடலாம்.

கூடவே பிரெடிக்‌ஷன். இதை "முன்கணிப்பு" என்று எழுத வேண்டாம். நேற்றே வந்து கிடக்கும் மின்னஞ்சல் குப்பையா இல்லையா என்று மாடல் சொல்வதும் பிரெடிக்‌ஷன்தான், அதில் முன் எங்கே இருக்கிறது? ரெப்ளிகேட்டில் படம் வரைந்து தருவதற்கும் அதே பெயர். வெறும் "கணிப்பு" போதும். கணியன் என்று காலம் கணித்தவரைச் சொன்ன அதே கணி, கணினியிலும் இருக்கிறது. கணக்கு, ஊகம் இரண்டுக்கும் அதில் இடம் உண்டு.