சேர்வராயன் மலையில் சிவப்புப் புள்ளி

மாசி, பங்குனியில் சேர்வராயன் மலைச் சரிவில் சருகு சேர ஆரம்பித்ததும் என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வந்து விழும். மலைமேல் சிவப்புப் புள்ளிகள் வைத்த ஒரு வரைபடம், கூடவே "சார், ஏற்காடு எரியுதா?" என்று ஒரு கேள்வி. செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்வது என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறக்கவில்லை, பதற்றம் நியாயமானதுதான். நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது?

அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தீ எரியும் இடங்களைக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) இணையதளத்தில் இருந்து வருபவை. காசில்லாமல் யாரும் பார்க்கலாம். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள வியர்ஸ் கருவி, சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சுடும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறிக்கிறது. இவை நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரையை ஒட்டி ஒரு முறை, இரவு ஒன்றரையை ஒட்டி ஒரு முறை. தகவல் தளத்துக்கு வந்து சேர மூன்று மணி நேரம் வரை ஆகலாம். அதில் போட்டிருக்கும் நேரம் உலகப் பொது நேரமாக இருந்தால், 8.10 என்பது காலை அல்ல. ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், மதியம் 1.40. ஆக, சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் குரூப்பில் சுற்றும் படம் மதியத்து நிலவரம். நாலு மணிக்குப் பற்றிய தீ அதில் இருக்கவே இருக்காது.

இடமும் அப்படித்தான். ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தின் நடுப்பகுதி. தீ அந்தச் சதுரத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு வளைவு அந்தச் சதுரத்துக்குள் அடங்கிவிடக்கூடும். எந்த வளைவுக்கு மேலே எரிகிறது என்று புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. உலை எரியும் ஆலைகளிலும் புள்ளி விழ வாய்ப்பு உண்டு. மறுபக்கம், நம் மலைகளில் பற்றுவது பெரும்பாலும் சருகிலும் புல்லிலும் ஊர்ந்து போகும் தரைத்தீ. மரக்கிளைகளுக்கு அடியில் மெதுவாக எரிந்தால் செயற்கைக்கோள் அதைத் தவறவிடும். புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று அர்த்தம் இல்லை.

சரி, புகை? அதற்கு வேறு படம் பார்க்க வேண்டும். இஸ்ரோவின் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் ஆகியவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று நம் நாட்டை நாள் முழுக்கப் படம் எடுக்கின்றன. இஸ்ரோவின் மோஸ்டாக் (MOSDAC) இணையதளத்தில் பார்க்கலாம். தனிப் படமாகப் பார்க்காமல் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். மேகம் மொத்தமாக நகர்ந்து போகும். புகை ஒரே இடத்தில் இருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும். மேகம் குளிர்ந்தது, அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று தெரியும். மெல்லிய புகை அதே படத்தில் காணாமலே போகும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் புகை நன்றாகத் துலங்கும், உச்சி வெயிலில் மங்கிவிடும்.

ஆனால் சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இரவைத்தான். பகலில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகிறது, காற்று மேலேறுகிறது, புகையையும் தூக்கிக்கொண்டு போகிறது. பொழுது சாய்ந்ததும் சரிவு குளிர்ந்து, கனத்த காற்று ஓடைகள் வழியாக அடிவாரத்துக்கு இறங்கும். அதோடு புகையும் கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் இறங்கக்கூடும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டது போல நின்றுவிட்டால், விடியும் வரை அந்தப் புகை கலையாது. அந்த நேரத்தில் சாதாரண ஒளிப்படம் எடுக்க வெளிச்சமே இல்லை. மதியம் நல்ல படம் கிடைக்கும்போது புகை கலைந்திருக்கும். படத்தில் வானம் சுத்தமாக இருக்கும். விடிகாலையில் நடைப்பயிற்சி போனவருக்கு மட்டும் நெஞ்சு கரகரக்கும்.

இன்னொன்று. செயற்கைக்கோள் அளப்பது தரையில் இருந்து வானம் வரை உள்ள மொத்தத் துகளை. உங்கள் மூக்கு உயரத்தில் எவ்வளவு என்று அது நேரடியாகச் சொல்லாது. அதற்குத் தரையில் உள்ள காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையத்தின் பிஎம் 2.5 எண்ணை, அதாவது காற்றில் உள்ள நுண்துகளின் அளவைப் பார்க்க வேண்டும். இந்தியத் தர அளவு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், மலையில் எரிகிற நாட்களில் இரவே ஜன்னலைச் சாத்திவிடுங்கள், வாக்கிங்கை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கைக்குட்டை புகைத்துகளைத் தடுக்காது, என்95 முகக்கவசம் தடுக்கும்.

புழுதியின் கதை வேறு. நம் ஊர் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள் ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தில் பத்து மீட்டர் துல்லியத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். அங்கிருந்து லாரி கிளப்பும் தூசு தெரிவது அபூர்வம். கனமான துகள் சீக்கிரம் படிந்துவிடும். வெளுத்த தரைக்கு மேல் வெளுத்த தூசு கண்ணிலும் படாது. ஆனி, ஆடியில் அரேபியப் பாலைவனத்தில் இருந்து கிளம்பும் புழுதி கருநீலக் கடல்மேல் பழுப்பாகத் தெரிவதற்கும் அதே காரணம்தான், பின்னணி கறுப்பாக இருக்கிறது.

புழுதியா, புகையா என்று சந்தேகம் வந்தால் நான் காற்றில் உள்ள வாயுக்களையும் துகளையும் அளக்கும் சென்டினல்-5பி செயற்கைக்கோளின் தரவுகளைப் பார்ப்பேன். அதன் துகள் குறியீடு இரண்டுக்குமே எகிறும். கூடவே கார்பன் மோனாக்சைடு படத்தையும் திறந்தால் விடை கிடைத்துவிடும்: எரிந்தால்தான் அந்த வாயு கூடும், புழுதியில் கூடாது. இந்தப் படத்தின் ஒரு கட்டமே (பிக்சல்) சில கிலோமீட்டர் அகலம் என்பதால் பெரிய தீக்கும் பெரிய புழுதிக்கும்தான் இது உதவும்.

சேர்வராயன் மலையின் சின்னத் தீக்கு உங்கள் போனே நல்ல கருவி. புகையைப் பார்த்ததும் 112-க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அப்புறம் நின்ற இடம், நேரம், போனின் திசைகாட்டி காட்டும் கோணம் மூன்றையும் சேர்த்துப் படத்தை அனுப்புங்கள். கோரிமேட்டில் இருந்து ஒருவர், கருப்பூரில் இருந்து ஒருவர் அனுப்பினால் வரைபடத்தில் இரண்டு கோடு போட்டுவிடலாம். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தை ஒட்டித்தான் தீ இருக்கும், அடுத்த செயற்கைக்கோள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.