இனிப்பு ஏக்கமும் எள்ளுருண்டையும்

நலமாக உள்ள ஒருவரின் உடலில் ஓடும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில், சாப்பிடாத வேளையில், கரைந்திருக்கும் குளுக்கோஸின் மொத்த அளவு 4 அல்லது 5 கிராம்தான். தேக்கரண்டிக் கணக்கில் சொன்னால் ஒரே ஒரு கரண்டி. 300 மில்லிலிட்டர் கோலா பானத்திலோ ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் பாதி ஃபிரக்டோஸாகப் பிரிந்து கல்லீரலுக்குப் போனாலும், மீதியுள்ள குளுக்கோஸே இரத்தத்தில் வழக்கமாக இருப்பதைப்போல் மூன்று மடங்கு. இந்தத் திடீர் வரவைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினை அள்ளி விடுகிறது. மாலை நான்கு மணிக்கு இனிப்புத் தேடி எழும் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள, இனிப்பு எவ்வளவு என்பதோடு அது எந்த வேகத்தில் உள்ளே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வேகத்தின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டிய பழைய ஆய்வொன்று 1977ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரே அளவு கார்போஹைட்ரேட் கொண்ட ஆப்பிளைச் சிலருக்கு முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு நாள்களில் கொடுத்துப் பார்த்தனர். பழத்தைத் தின்பதைவிட 11 மடங்கு வேகமாகச் சாறு உள்ளே போயிற்று. இரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாற்றுக்கும் கூழுக்கும் இன்சுலின் கூடுதலாகச் சுரந்ததால், சாறு குடித்த பிறகு சர்க்கரை சடாரெனக் கீழே இறங்கியது. கூழுக்கு அந்த இறக்கம் சற்றுக் குறைவு. முழுப் பழத்துக்கு இல்லவே இல்லை. 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதன் தொடர்ச்சியைக் காட்டியது: உணவுக்குப் பிந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில் யாருக்குச் சர்க்கரை அதிகமாக இறங்குகிறதோ அவர்களுக்குப் பசி முந்தி வருகிறது, அடுத்த வேளை உணவும் கூடுகிறது.

பசி ஒரு பாதி; மற்றப் பாதி மூளையின் கற்றல். இனிப்பை உணர்வது நாக்கு மட்டும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தோம். இனிப்புச் சுவையை உணர முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளும் சில நாள்களில் சர்க்கரை நீரையே தேடிப் போகின்றன என்று 2008இல் தெரிய வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸுக்கரின் குழு 2020இல் அதற்கான வழியைக் கண்டறிந்தது. குடற்சுவரில் உள்ள சிறப்புச் செல்கள் குளுக்கோஸை அடையாளம் கண்டு, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. செயற்கை இனிப்பூட்டிகள் நாக்கை ஏமாற்றினாலும் இந்தச் செல்களை எழுப்புவதில்லை. செயற்கை இனிப்புநீரையும் சர்க்கரை நீரையும் அருகருகே வைத்தபோது, தொடக்கத்தில் இரண்டையும் ஒன்றுபோலக் குடித்த எலிகள், போகப்போகச் சர்க்கரை நீரிடமே நிலைத்துவிட்டன. எலிகளின் நடத்தையை அப்படியே மனிதர்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும், இனிப்பூட்டி மாத்திரை போட்ட தேநீர் பலருக்கு ஏன் நிறைவு தருவதில்லை என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

இப்படிக் கற்ற மூளை, இனிப்பு வரும் முன்பே துடிக்கத் தொடங்குகிறது. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் இதை அளந்தார்: பழச்சாறு கிடைத்தபோது துடித்த, டோபமின் என்ற வேதிப்பொருளால் செய்தி கடத்தும் மூளை நரம்புச் செல்கள், பழகிய பின் சாறு வரப்போவதை அறிவிக்கும் விளக்கைக் கண்டதுமே துடித்தன, எதிர்பார்த்த சாறு வராதபோது அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. தேநீர் வேளையில் பிஸ்கட்டை அடியோடு நிறுத்துவது பலரால் ஏன் இயலாமல் போகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அந்த வேளையை வெறுமையாக விடாமல், மெதுவாகச் செரிக்கும் வேறோர் இனிப்பை அங்கே வைப்பது நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

எந்த இனிப்பு என்று கேட்டவுடன் வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்ற பேச்சு வந்துவிடும். மணத்திலும் சுவையிலும் அவை மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்றும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான், குடலுக்கு அவற்றின் நிறம் தெரியாது. ஒரு கரண்டி வெல்லத்தில் இரும்புச்சத்தும் சொற்பம். உலக சுகாதார நிறுவனம் தன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், தேனையும் பழச்சாற்றையும்கூடக் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது அதன் கருத்து.

ஆகவே, சர்க்கரையோடு என்ன சேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எள்ளுருண்டையை எடுத்துக்கொள்வோம். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். எள்ளை வறுத்து ஆறவைத்து வெல்லத்தோடு ஒன்றிரண்டாக இடிக்கும்போது வெளிவரும் எண்ணெயே உருண்டை பிடிக்கப் போதும், பாகு தேவையில்லை. பாகு இல்லாததால் வெல்லத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். 150 கிராம் எள்ளுக்கு 50 கிராம் வெல்லம் சேர்த்து 20 உருண்டை பிடித்தால், இரண்டு உருண்டைகளில் இருக்கும் வெல்லம் 5 கிராம்தான். ஆற்றல் 100 கலோரியைச் சற்றுத் தாண்டும். கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, மூளைக்கு நிறைவுணர்வையும் அனுப்புகின்றன. மிக்சியில் விழுதாக அரைத்துவிட்டால் மெல்லும் வேலை போய்விடும். விட்டுவிட்டு ஓட்டுவதே நல்லது.

கடலை மிட்டாய்க்கும் இதே குணம் உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயும் அடிப்படையில் வேர்க்கடலையும் வெல்லமும்தான். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது பாகு என்பதால், வெல்லத்தை ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் துண்டு உதிர்ந்துவிடும். காராமணி இனிப்புச் சுண்டலுக்கு அந்தத் தடையில்லை. பயற்றின் மாவுச்சத்து செல்சுவருக்குள் பொதிந்து கிடப்பதால் அது மெல்ல மெல்லவே குளுக்கோஸாகிறது. பேரீச்சம்பழத்தை விழுதாக்கிச் செய்யும் ‘சர்க்கரை சேர்க்காத’ லட்டுவைப் பலர் புகழ்கிறார்கள். உலர்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்பதையும், ஆப்பிள் கூழுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அதை நான் அவ்வளவு உயர்வாக வைக்க மாட்டேன்.

நாக்கையும் கொஞ்சம் பழக்கலாம். சுவைச் செல்களில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் ஓர் அயனிக் கால்வாய் (செல்சவ்வில் உள்ள நுண்வாயில்) வெதுவெதுப்பில் நன்றாக வேலை செய்வதால், சூடான சுண்டலுக்குக் குறைந்த வெல்லமே போதும். ஐஸ்கிரீம் உருகியதும் திகட்டுவதும் இதனால்தான். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்து உண்டவர்கள், அதே புட்டிங்கை முன்பைவிட அதிகமாக இனிப்பதாக உணர்ந்தனர்; ஆனால் அவர்கள் விரும்பிய இனிப்பின் அளவு மாறவில்லை. எனவே எடுத்த எடுப்பிலேயே மூன்றுக்கு ஒன்று என்று இறங்காமல், இரண்டு பங்கு எள்ளுக்கு ஒரு பங்கு வெல்லம் என்று தொடங்கி, அடுத்தடுத்த தடவைகளில் வெல்லத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவருவது வீட்டில் எல்லோருக்கும் எளிதாக இருக்கும்.