ஏழரை எச்.பி. போட்டால் ஊற்று பெருகாது

இந்தக் கோடையில் நான் பார்க்கும் கருகிய மோட்டாரில் இது ஆறாவது. பல்லடம் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, 280 மரம். சோலார் பம்பு போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிட்டது. பம்பை இயக்கும் கண்ட்ரோலரைப் பார்த்தால், போர்வெல்லில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் 'டிரை ரன்' அமைப்பை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

தோப்புக்காரரைக் கேட்டேன். "அடிக்கடி நின்னுக்கிட்டே இருந்துச்சுங்க சார். உள்ளூர் எலக்ட்ரீசியன்தான் சரி பண்ணிக் குடுத்தாப்ல."

நின்றது கோளாறு இல்லை அண்ணா, உங்கள் போர் காலியானதைச் சொன்னது.

விவசாயிகளுக்குச் சோலார் பம்பு தர 2019இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசின் மானியம் பொதுவாக 7.5 எச்.பி. (மோட்டாரின் குதிரைத்திறன்) வரை கணக்கிடப்படுகிறது. அவ்வளவுதான், எல்லோருக்கும் 7.5 எச்.பி. வேண்டும். எச்.பி. கூடினால் தண்ணீர் கூடும் என்ற நம்பிக்கையை எத்தனை கூட்டத்தில் மறுத்துப் பேசினாலும் அசைவதில்லை. இந்தத் தோப்பின் கணக்கையே சொல்கிறேன். நீர்மட்டம் 450 அடி, மோட்டார் இறங்கியிருப்பது 650 அடி. இடையில் 200 அடி தண்ணீர். ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர்தான் நிற்கும். ஆக மொத்தம் 1,300 லிட்டர். கோடையில் அந்தப் போர் ஊறுவது மணிக்கு 2,000 லிட்டர். நல்ல வெயிலில் 7.5 எச்.பி. அந்த ஆழத்திலிருந்து மணிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் இறைக்கும். அரை மணி நேரத்துக்குள் போர் காலி. முதலில் குழாய் நிறையக் கொட்டுகிறதே, அது ஊற்று இல்லை, ராத்திரியெல்லாம் நின்று சேர்ந்த தண்ணீர். அதைப் பார்த்துவிட்டுத்தான் "செமையா வருதுங்க" என்று வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள்.

இந்தப் போருக்கு 3 எச்.பி. போதும். நல்ல வெயில் இருக்கும் ஆறு மணி நேரமும் நிற்காமல் 11,000 லிட்டர் தந்திருக்கும். கோடையில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால், ஒரு நாள் தண்ணீர் பாதித் தோப்புக்குத்தான் வரும். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் 7.5 போட்டதால் மீதி 140 மரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

போர் துளைக்கும் ரிக் வண்டிக்காரர் "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொன்னதையும் நம்பாதீர்கள். அது போர் போட்ட அன்றைய தண்ணீர். சித்திரையில் எவ்வளவு ஊறுகிறது என்பதே கணக்கு. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்தபோது போருக்குக் கொஞ்சமாவது ஓய்வு கிடைத்தது. வெயிலுக்குக் கட்டணம் இல்லை என்று காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை ஓட்டினால், பக்கத்துத் தோட்டத்துப் போரும் சேர்ந்தே இறங்கும்.

பேட்டரி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பகலில் தொட்டியில் ஏற்றுங்கள், மாலையில் சொட்டுநீரில் விடுங்கள். சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. பிறகும் ஏன் வாய்க்காலில் விடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பேனலைத் தென்னை நிழலில் நிறுத்தாதீர்கள். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசையின் மின்சாரம் குறைந்துவிடும். தேங்காய் விழுந்து கண்ணாடி சிதறிய பேனலையும் மாற்றியிருக்கிறேன். கழுவுவதென்றால் விடியற்காலையில் கழுவுங்கள்; உச்சி வெயிலில் சூடாக இருக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போரின் உப்புத் தண்ணீரைப் பேனல் மேல் காய விட்டால் படலம் பிடிக்கும். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: கண்ட்ரோலரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். எலி கடித்த ஒயரைக் கையால் முறுக்காதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

திட்டத்தில் போட்ட பம்புக்கு 5 ஆண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. வெளியாள் கைவைத்துவிட்டால் அவர்கள் கைவிரித்துவிடுவார்கள். பல்லடத்தில் அதுதான் நடந்தது.

அந்தத் தோப்புக்காரர் நேற்று மறுபடி கூப்பிட்டார். மேற்கு மூலையில் 1,000 அடிக்குப் புதுப் போர் போடலாமா என்கிறார். ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒரு 200 லிட்டர் டிரம் மட்டும் எடுத்து வையுங்கள்; பழைய போரில் மணிக்கு எத்தனை டிரம் வருகிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துவிடலாம்.