அளவெடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

மெதுவாக இருக்கிறது என்று இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது வலைப்பக்கம் இது. பட்டியலில் புது வரிகள் சேரும்போதெல்லாம் ஸ்க்ரோல் உறைந்துபோகிறது. "டாம் (பக்கத்தின் உறுப்புகளைப் பிரவுசர் வைத்திருக்கும் மர அமைப்பு) ரொம்ப மெதுவு, ஃபிரேம்வொர்க்கை மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். நிரலைத் திறந்தால் மூன்றிலும் ஒரே தவறு. லூப்புக்குள் ஒரு வரியைச் சேர்க்கிறார்கள், உடனே அதன் உயரத்தை (ஆஃப்செட்ஹைட்) கேட்கிறார்கள், அதை வைத்து அடுத்த வரிக்கு இடம் குறிக்கிறார்கள். ஆயிரம் வரி, ஆயிரம் லேஅவுட் (எது எங்கே, எவ்வளவு பெரிதாக என்று பிரவுசர் போடும் கணக்கு).

தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். வரியைச் சேர்க்கும் அப்பெண்ட்சைல்டை அழைத்ததும் பிரவுசர் திரையை வரைந்துவிடுவதில்லை. ஆயிரம் முறை அழைத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் முடியும்வரை புது வரி ஒன்றுகூடத் திரைக்கு வராது. எது மாறியது என்று குறித்துவைத்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறை கணக்கிடும். அதனால்தான் வரிகளை டாக்குமென்ட்ஃபிராக்மென்ட் என்ற தற்காலிகக் கூடையில் திரட்டி ஒட்டியும் "வேகம் கூடவே இல்லையே" என்கிறீர்கள். சேர்ப்பது சிக்கலே இல்லை. நடுவில் உயரத்தைக் கேட்கிறீர்களே, அதுதான் சிக்கல். சரியான விடை சொல்ல வேண்டுமானால் பிரவுசர் அந்தக் கணமே லேஅவுட் போட்டாக வேண்டும். அளவும் இடமும் கேட்கும் கெட்பவுண்டிங்க்ளையண்ட்ரெக்ட், ஸ்க்ரோல் நிலையைக் கேட்கும் ஸ்க்ரோல்டாப் எல்லாம் இதே கதைதான்.

முதலில் எல்லா வரிகளையும் சேருங்கள். பிறகு எல்லா உயரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கடைசியில் இடங்களை எழுதுங்கள். ஆயிரம் லேஅவுட் இரண்டாகிவிடும். சொல்லப்போனால், அந்த மூன்றில் இரண்டு பக்கங்களுக்கு உயரக் கணக்கே தேவையில்லை. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டிருந்தால் அதுவே வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

லூப்பில் இன்னர்எச்டிஎம்எல் += போடுவதை (ஓர் உறுப்பின் உள்ளடக்கத்தோடு புது எச்டிஎம்எல்லை ஒட்டுவதை) இன்றோடு விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருப்பதையெல்லாம் எழுத்தாக்கி, கலைத்து, புதிதாகக் கட்டுகிறது. உள்ளிருந்த பெட்டியில் பயனர் தட்டச்சு செய்துகொண்டிருந்ததும் போய்விடும், கிளிக் போன்றவற்றுக்காகக் காத்திருக்கும் ஈவென்ட் லிசனர்களும் போய்விடும். இருப்பதைக் கலைக்காமல் புதியதை மட்டும் சேர்க்க இன்ஸர்ட்அட்ஜசென்ட்எச்டிஎம்எல் இருக்கிறது. வெறும் எழுத்துக்கு டெக்ஸ்ட்கன்டென்ட் போதும். பயனர் தந்த எழுத்தை இன்னர்எச்டிஎம்எல்லில் போடுவது பாதுகாப்புக்கே ஆபத்து, அங்கே வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை வரைய, கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. 2024 மார்ச் முதல் பக்கங்களின் தரத்தை அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸில், பயனர் செயலுக்குப் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரமான ஐஎன்பியும் உண்டு. தொட்டதற்குப் பக்கம் 200 மில்லிவினாடிக்குள் பதில் காட்டினால்தான் அதில் நல்ல மதிப்பெண். உங்கள் வேகமான லேப்டாப்பில் எல்லாமே சரியாகத்தான் தெரியும். குரோம் டெவ்டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை 4 மடங்கு மெதுவாக்கி ஒருமுறை பதிவு செய்யுங்கள். நிரலின் எந்த வரி லேஅவுட்டைக் கட்டாயப்படுத்துகிறது என்று அங்கேயே காட்டும். ஃபிரேம்வொர்க்கை மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.