ரேட்டிங் வந்த பிறகு ஓடி வராதீர்கள்

அப்ரைசல் ரேட்டிங் வெளியான வாரம் ஹெச்.ஆர். அறைக்கு வரும் புகார்களில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை: ‘வேலை செஞ்சது நான், பேர் வாங்கினது அவன்.’ சரி, எதையாவது காட்டுங்கள் என்றால் கையில் ஒன்றும் இருக்காது. ‘டீம்ல எல்லாருக்கும் தெரியும் சார்’ என்பார்கள். அந்த எல்லாரும் சாட்சிக்கு வருவார்களா என்று கேட்டால் பதில் வராது. இந்த வருஷமும் இதே கதை என்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய நம்பிக்கையைத் தூக்கிப் போடுங்கள்: ‘நாம செஞ்ச வேலையே பேசும்.’ பேசாது. உங்கள் மேனேஜரிடம் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து சரிசெய்த டேட்டாபேஸ் குவெரியை அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணில் படுபவை மூன்று: ரிவ்யூவில் அதை எடுத்துச் சொன்னது யார், மெயில் யாரிடமிருந்து வந்தது, வேலையைப் பதிவு செய்யும் டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது. மூன்றிலும் வேறொருவர் பெயர் இருந்தால் அவர் அதைத்தான் நம்புவார். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. மார்ச்சில் ரேட்டிங் போட உட்காரும்போது ஜனவரி, பிப்ரவரி நினைவிருக்கும். போன ஜூனில் நடந்தது ‘டீம் பண்ணிச்சு’ என்று மங்கிப் போயிருக்கும். அதன் பிறகு மற்ற மேனேஜர்களோடு ரேட்டிங்கை ஒப்பிட்டுப் பேசும் கூட்டம். அங்கே ஒவ்வொருவருக்காகவும் வாதாடக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு வரி வேண்டும். நீங்கள் தரவில்லை, அந்த இன்னொருவர் தந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. செய்ததைச் செய்தேன் என்று தெரிவிப்பதைத் தற்பெருமை என்று நினைத்து வாயை மூடிக்கொள்பவர்கள்தான் எங்களிடம் அழுதுகொண்டு வருகிறார்கள்.

எல்லாமே திருட்டும் இல்லை. டீம் லீட் கிளையண்ட் முன்னால் ‘நாங்க முடிச்சோம்’ என்று சொல்வது அவர் வேலை. மனசாரவே தன் பங்கைக் கூட்டி நினைப்பவர்களும் உண்டு. ராஸ், சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பதிலையும் கூட்டினால் முழுசுக்கு மேல் போனது. ஆகவே முதல் முறை சந்தேகத்தின் பலனைக் கொடுங்கள். சொன்ன பிறகும் திரும்ப நடந்தால் அது மறதி இல்லை.

பேர் வாங்கியவரிடம் சொல்வது எப்படி? அன்றே அல்லது மறுநாள், தனியாக, ஐந்து நிமிடம். ‘நேத்து ரிவ்யூல அந்த ரிப்போர்ட் நீங்க பண்ணினதா வந்துச்சு. அது நான் பண்ணினது. நீங்களே மேனேஜருக்கு ஒரு வரி மெயில் போட்டுடுங்க.’ இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். டீம் வாட்ஸப் குழுவில் ஜாடை பேசாதீர்கள். அடுத்த நிமிடமே நீங்கள்தான் ‘பிரச்சினை பண்றவர்’.

கூட்டத்திலேயே நடந்தால் ‘பொய்’ என்று கத்த வேண்டாம். செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தை எடுத்து, ‘அதுல ஒண்ணு சேர்த்துக்கறேன், பழைய இண்டெக்ஸை எடுத்ததுக்கு நான் பார்த்த காரணம் இது’ என்று தொடங்குங்கள். அன்று மாலையே அடுத்து நீங்கள் செய்யப்போவதைக் குறிப்பிட்டு அதே ஆட்களுக்கு மெயில்.

வெள்ளிக்கிழமைதோறும் மேனேஜருக்கு நான்கு வரி அனுப்புங்கள்: முடித்தது, அதன் விளைவு எண்ணில், தடை, அடுத்த வாரம். ‘ரிப்போர்ட்டை மேம்படுத்தினேன்’ என்பது குப்பை. ‘6 மணி நேரம் ஓடிய ரிப்போர்ட் இப்போது 40 நிமிடம், டிக்கெட் எண் இது’ என்பது சாட்சி. செல்ஃப் அப்ரைசல் படிவத்திலும் இதே வடிவம்தான். அங்கே போய் ‘நாங்கள் செய்தோம்’ என்று அடக்கம் காட்டாதீர்கள், தயவுசெய்து.

கோட் எழுதுபவர்கள் கவனிக்க: உங்கள் ஃபைலை ஒருவர் காப்பி செய்து புதிதாக கமிட் போட்டால் (மாற்றத்தைப் பதிவு செய்தால்) ஆத்தர் அவர்தான். பலருடைய கமிட்களை ஸ்க்வாஷ் மெர்ஜ் செய்து ஒன்றாக்கும்போது மெயின் பிராஞ்சில் (டீமின் பொதுவான மூலக் கோடில்) ஆத்தராகப் பொதுவாக நிற்பது புல் ரிக்வெஸ்ட், அதாவது அதில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, திறந்தவர் பெயர். உடன் எழுதியவர்களைக் குறிக்கும் ‘கோ-ஆத்தர்ட்-பை’ வரியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மெர்ஜ் ஆகும் முன் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேமை மட்டும் நம்பாதீர்கள். யாரோ கோடை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் ஓட்டினால் அது மாற்றிய அத்தனை வரியும் அவர் பெயருக்குப் போய்விடும். கமிட்களை வரிசையாகக் காட்டும் முழு லாக்தான் பேசும். கூகுள் டாக்ஸில் ‘மேக் எ காப்பி’ கொடுத்தால் புதிய ஃபைலுக்கு உரிமையாளர் அவர், பழைய எடிட் வரலாறு அதில் வராது. எனவே மூல ஃபைலை உங்கள் கணக்கிலேயே வைத்து, கமெண்ட் உரிமையோடு லிங்க்கை மட்டும் பகிருங்கள்.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஆபீஸ் மெயிலைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்பவர்களை என்ன சொல்வது! டேட்டா கசிவைக் கண்காணிக்கும் மென்பொருள் அதைப் பிடிக்கும். புகார் கொடுக்க வந்தவரே விசாரணையில் உட்கார வேண்டியிருக்கும். ஆபீஸ் மெயிலிலேயே தனி ஃபோல்டர் போதும்.

மேனேஜரிடம் போகும்போது தேதியோடு இரண்டு மூன்று சம்பவங்களும் ஒரு கோரிக்கையும் வேண்டும். ‘அவரைக் கண்டிங்க’ என்பதைவிட ‘அடுத்த ரிலீஸ் டெமோவை நான் பண்றேன்’ என்பது கிடைக்கக்கூடிய கோரிக்கை. பேரைத் தட்டிக்கொண்டு போவது மேனேஜரே என்றால், பிராஜெக்ட் மெயில் குழுவை வழக்கமாகவே சிசி-யில் வையுங்கள். அவருக்கு மேலே இருப்பவரோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் வேலையைப் பற்றிப் பேசுங்கள், அவரைப் பற்றி வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் உள்ளேயே வேறு டீமுக்கு மாற்றல் கேளுங்கள். யார் கோட் எழுதினார்கள் என்று ஹெச்.ஆர். தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆவணத்தையும் மேனேஜர் சொல்வதையும் வைத்துத்தான் நாங்கள் நகர முடியும்.

மகப்பேறு விடுப்பிலோ நீண்ட விடுப்பிலோ போகிறவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். முக்கால்வாசி முடிந்த டிக்கெட்டை அப்படியே கைமாற்றினால், மூடுபவர் பெயரில் முழு வேலையும் சேர்ந்துவிடும். போகும் முன் டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து உங்கள் பாகத்தை நீங்களே மூடுங்கள். எதுவரை முடிந்தது, என்ன பாக்கி என்று ஹேண்டோவர் மெயிலை மேனேஜருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். விடுப்பு காலத்தில் செல்ஃப் அப்ரைசல் படிவம் திறக்குமா என்றும் எங்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.