'கெட்ட குமாரன்' எந்த வசனத்தில் இருக்கிறது?

போன மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை: சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போன இளைய மகன் எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, வீடு திரும்புகிறான்; தகப்பன் ஓடிப்போய் அவனை ஏற்றுக்கொள்கிறார். யார் எந்த வேஷம் என்று தெரிவதற்காகச் சட்டையில் அட்டை குத்தியிருந்தது. ஒரு பையனின் அட்டையில் 'கெட்ட குமாரன்'. அண்ணனாக நடித்தவனின் அட்டையில் 'நல்ல குமாரன்'! முதல் பெயரைப் பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டாவது அட்டையைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை. தம்பி திரும்பி வந்தான் என்று கோபித்துக்கொண்டு உள்ளே போக மனதில்லாமல் வாசலிலேயே நின்றவன் எப்போது நல்ல குமாரன் ஆனான்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். இந்த உவமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரில் உள்ள 'பிராடிகல்' என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. பணத்தை வாரி இறைப்பவன் என்று பொருள். கத்தோலிக்கர் சொல்லும் 'ஊதாரி மைந்தன்' அதற்குச் சரியாகவே பொருந்துகிறது. மூல கிரேக்கத்தில் அவன் வாழ்ந்த விதத்தைச் சொல்லும் சொல் 'அசோத்தோஸ்'. புராட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'துன்மார்க்கமாய்', கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'தாறுமாறாக'. இரட்சிப்பைக் குறிக்கும் 'சோத்தேரியா' எந்த வேரிலிருந்து வந்ததோ, அதே வேரின் முன்னால் இல்லை என்று பொருள்படும் 'அ' சேர்ந்ததுதான் இந்தச் சொல். எதையும் காத்துக்கொள்ளத் தெரியாத வாழ்க்கை.

சரி, 'கெட்ட' எங்கிருந்து வந்தது? இந்தப் பெயரை வைத்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கெடுதல் என்றால் பழைய தமிழில் அழிந்துபோதல், இருந்ததை இழத்தல். 'கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்' என்ற குறளில் வரும் கெட்டார் தீயவர்கள் இல்லை, மழையில்லாமல் நொடித்துப்போனவர்கள். 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்று இன்றும் சொல்கிறோமே, அதில் ஒரு இரக்கம் இருக்கிறது. யோவான் 3:16-இல் 'கெட்டுப்போகாமல்' என்று இருப்பதும் இந்தப் பொருளில்தான். அந்தப் பொருளில் பார்த்தால் இளையவன் கெட்டவன்தான், வாழ்ந்து கெட்டவன். ஆனால் இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையிடம் 'கெட்ட பையன்' என்றால் அது என்ன புரிந்துகொள்ளும்? சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது, உவமையின் பெயர் மட்டும் நகரவில்லை.

அந்த அதிகாரத்தில் மூன்று கதைகள் அடுத்தடுத்து வருகின்றன. நூறு ஆட்டில் ஒன்று, பத்து வெள்ளிக்காசில் ஒன்று, இரண்டு மகன்களில் ஒருவன். மூன்றிலும் வருவது அழிதல், காணாமற்போதல் இரண்டையும் குறிக்கும் ஒரே கிரேக்க வினை. யோவான் 3:16-இல் இருப்பதும் அதுவே. பன்றி மேய்த்த இடத்தில் அவன் 'நானோ பசியினால் சாகிறேன்' என்கிறானே, அந்தச் சாவும் அதே வினைதான். ஆட்டையும் காசையும் நாம் காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு என்கிறோம். கெட்ட ஆடு, கெட்ட காசு என்று யாரும் சொல்வதில்லை. மகனுக்கு மட்டும் ஏன் நற்சான்றிதழ் பார்க்கிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது. கதைக்குள் மற்றவர்களில் அவனைக் கெட்டவனாகப் பார்ப்பது அண்ணன் ஒருவன்தான். வேசிகளிடத்தில் ஆஸ்தியை அழித்தான் என்று சொல்வதும் அவன்தான். 'என் தம்பி' என்று சொல்லவும் வாய் வராமல் 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்கிறான். தகப்பனோ 'உன் சகோதரனாகிய இவன்' என்று திருத்துகிறார். மரித்தான், உயிர்த்தான், காணாமற்போனான், காணப்பட்டான், இவ்வளவுதான் அவர் பேச்சு. நாம் உவமைக்குப் பெயர் வைக்கும்போது தகப்பனை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் போய் நிற்கிறோம். இது இரட்சிப்பைப் பற்றிய பாடத்தையே புரட்டிவிடுகிறது. கெட்டவன் முதலில் நல்லவனாக வேண்டும், அப்புறம்தான் வீட்டில் இடம் என்று பிள்ளைகள் படித்துக்கொள்கிறார்கள். வசனத்திலோ அவன் இன்னும் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடுகிறார். என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று அவன் யோசித்து வைத்திருந்த வரியைச் சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய 'நல்ல சமாரியன்' கதையும் இப்படித்தான். வசனத்தில் 'நல்ல' இல்லை, வெறும் சமாரியன். தலைப்பில் ஒட்டிய சொல்லை வேதவாக்கியம்போலப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிரசங்கிப்பவர்கள், பிரசங்கத்துக்கு முன் அந்த அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசிக்கக் கூடாதா?

ஆகவே, என் தேர்வு 'காணாமற்போன மகன்'. 'தொலைந்துபோன' சிலருக்குப் பிடிக்கிறது. ஆனால் 'தொலைந்து போ' என்று திட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு, அந்த வாடை சொல்லை விட்டுப் போகாது. காணாமற்போதல் என்றால் தேடுகிற ஒரு கண் இருக்கிறது. சுவரில் 'காணவில்லை' என்று படத்துடன் ஒட்டிய தாளைப் பாருங்கள், வேண்டாதவனுக்காக யாரும் அதை அச்சடிப்பதில்லை. பழைய மொழிபெயர்ப்பில் காணாமற்போனான், காணப்பட்டான், 'அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு' என்று மூன்று இடத்திலும் ஒரே 'காண்'. கிரேக்கத்தில் அவை மூன்று வெவ்வேறு வினைகள். இந்தத் தொடர்பு மூலத்தில் இல்லை, தமிழில் அமைந்தது.

நாடகம் முடிந்ததும் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த முறைக்கு என்று இரண்டு அட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்: இளைய மகன், மூத்த மகன்.