ஸ்கிரீனிங் – முன்கண்டறிதல் பரிசோதனை

பெண்கள் நலம் பற்றிய மருத்துவச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் ‘ஸ்கிரீனிங்’ என்ற சொல், அறிகுறி எதுவும் இல்லாமல் நலமாக இருப்பவர்களிடையே, ஒரு நோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கக்கூடியவர்களைப் பிரித்தெடுக்கும் பரிசோதனையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன்’ என்பது முதலில் நெருப்பின் அனலைத் தடுக்கும் மறைப்புக்குப் பெயராக இருந்தது. பின்னர் தானியத்தையும் நிலக்கரியையும் சலிக்கும் சல்லடையையும் குறித்தது. மருத்துவத்தில் வழங்குவது இந்தச் சல்லடைப் பொருளே. ஆகவே, திரைப்படத்துக்கு உரிய ‘திரையிடல்’ என்ற சொல்லை மருத்துவக் கட்டுரையில் எழுதுவது பிழை.

‘நோயறிதல்’ என்பதும் பொருந்தாது. அது ‘டயக்னோசிஸ்’ என்பதற்கு நிலைபெற்றுவிட்ட சொல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால் தேவையற்ற அச்சம் விளையும். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்-ரே எடுத்த பின் மறுபரிசோதனைக்கு அழைக்கப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை; ஐயத்துக்குரிய இடத்திலிருந்து திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிறகே நோய் உறுதிப்படும். சல்லடைச் சோதனை, சலித்தறிதல் என்றெல்லாம் மூலப்பொருளுக்கு நெருக்கமாகச் சொல்லலாம். எனினும், விளக்கமின்றியே எவருக்கும் புரியும் ‘முன்கண்டறிதல் பரிசோதனை’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இச்சொல்லின் முழுப் பொருளையும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் காணலாம். கிரேக்கத்தில் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவு கருப்பைவாய்ச் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆராயும் முறையை 1928இல் அறிவித்தார். அவர் பெயராலேயே அது ‘பாப் ஸ்மியர்’ எனப்படுகிறது. ‘ஸ்மியர்’ என்றால் தடவல், பூச்சு. அம்முறை செல்களில் ஏற்கெனவே தோன்றிவிட்ட மாற்றத்தைத் தேடுகிறது. இப்போது முன்னிலைக்கு வந்துள்ள எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையோ அம்மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரசையே தேடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்து, பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும் என்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். இங்கும் வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளாகாது. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும்.

இதே சோதனை ‘செல்ஃப் சாம்பிளிங்’ என்ற இன்னொரு சொல்லையும் கொண்டுவந்துள்ளது. ‘தன்மாதிரி எடுத்தல்’ எனலாம். மென்மையான பஞ்சுக்குச்சியையோ சிறு தூரிகையையோ யோனிக்குள் செலுத்திச் சிலமுறை சுழற்றி, குழாயில் இட்டுப் பெண்ணே ஆய்வகத்துக்குத் தந்துவிடலாம். மற்றொருவர் கருவி கொண்டு பரிசோதிப்பதற்குக் கூசி, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிற பெண்களுக்கு இது பெரும் விடுதலை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்முறையை 2024 மே மாதத்தில் மருத்துவ நிலையங்களுக்குள் அனுமதித்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், வீட்டிலேயே மாதிரி எடுப்பதற்கான கருவி ஒன்றுக்கும் ஒப்புதல் அளித்தது.